மான் சீசனுக்கு உடம்பும் உடுப்பும்: விஸ்கான்சின்ல ஏழு சீசன் அனுபவம்

2018ல இருந்து 2024 வரைக்கும் ஏழு நவம்பர், அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலத்தோட தென்மேற்கு மூலையில கிக்கபூ ஆத்தை ஒட்டின மேடு பள்ளத்துல மான் வேட்டைக்குப் போயிருக்கேன். கிடைச்ச மான் மூணு, வாங்கின துணிக்கு ஆன செலவு இன்னைக்கு வரைக்கும் வீட்ல தெரியாது. புதுசா போறவங்க நிறைய பேர் என்ன துணி வாங்கணும்னு கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு ஒரே எடத்துல எழுதிடலாம்னு உக்காந்தேன்.

ஊர்ல மான் வேட்டைன்னா 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், கேஸு, ஜெயிலு. இங்க கதை வேற. லைசென்ஸ் வாங்கணும், 1973 ஜனவரி 1லயோ அதுக்கு அப்புறமோ பொறந்தவங்கன்னா ஹண்டர் எஜுகேஷன் வகுப்பு முடிச்சிருக்கணும், துப்பாக்கி சீசன் தேங்க்ஸ்கிவிங்குக்கு (நவம்பர் நாலாவது வியாழக்கிழமை வர்ற பண்டிகை) முந்தின சனிக்கிழமை ஆரம்பிச்சு ஒம்போது நாள். அந்த சனிக்கிழமை பாதி ஆபீஸ் காலியா இருக்கும், நம்மூர்ல பொங்கலுக்கு ஊருக்குப் போற மாதிரி.

மொத வருஷம் நான் போட்ட கூத்த சொல்லிடுறேன். உள்ள காட்டன் தெர்மல், அதுக்கு மேல காட்டன் ஹூடி, காலுக்கு நீல ஜீன்ஸ், மேல 10 டாலருக்கு வாங்கின ஆரஞ்சு வெஸ்ட். காலைல அஞ்சரை மணி, ஜீரோவுக்குக் கீழ 8 டிகிரி, கூட்டிட்டுப் போன பெரியவர் (எங்க ஆபீஸ்ல ரிட்டயர் ஆனவர், அறுபத்தெட்டு வயசு) டார்ச்ச வெச்சுக்கிட்டு மேட்டுல விறுவிறுன்னு ஏறுறார், நான் பின்னாடி நாய் மாதிரி எளைக்கிறேன், அரை மைல் தான் இருக்கும், உச்சிக்குப் போறதுக்குள்ள முதுகு முழுக்க தண்ணி. அப்பா நல்லா சூடாயிடுச்சுன்னு சந்தோஷமா ஸ்டாண்டுல (மான் வர்ற வரைக்கும் காத்திருக்குற உயரமான இருக்கை) ஏறி உக்காந்தேன். இருபது நிமிஷம். அப்புறம் அந்த ஈரம் ஐஸ் கட்டிய முதுகுல வெச்சு கட்டின மாதிரி ஆயிடுச்சு. ஏழேகாலுக்கு ஒரு பெண் மான் இருபது அடிய தாண்டி வந்து நின்னு என்னைய பாக்குது, எனக்கு துப்பாக்கியோட சேஃப்டி பூட்ட தள்ளுறதுக்கு கட்டைவிரல் அசையல. பல்லு கடகடன்னு அடிச்ச சத்தத்துலயே அது போயிருக்கும்னு நெனைக்கிறேன். எட்டு மணிக்கு எறங்கி வண்டில ஹீட்டர் போட்டு உக்காந்துட்டேன், பெரியவர் சாயங்காலம் வரைக்கும் மேல தான் இருந்தார்.

வேர்த்தா உடம்புக்கு நல்லதுன்னு கேட்டு வளர்ந்த ஆளு நான். இங்க அந்த வேர்வை தான் வில்லன். காட்டன் ஈரத்த குடிச்சு வெச்சுக்கும், விடாது, ஈரமானா குளிர தடுக்காது. அதனால இங்க துணி வாங்குறப்ப நடக்குறதுக்குன்னு யோசிக்காம, நடந்து முடிச்சு நாலு மணி நேரம் அசையாம உக்காருறதுக்குன்னு யோசிக்கணும். உடம்பு ஃபிட்டா இல்லன்னா அதே மேட்டுக்கு ரெண்டு மடங்கு வேர்க்கும், அப்ப எவ்ளோ வெல கொடுத்து வாங்கின ஜாக்கெட்டும் வேஸ்ட். எனக்கு இது புரிய ரெண்டு சீசன் ஆச்சு.

இப்ப நான் பண்றது: உள்ள மெல்லிசு மெரினோ கம்பளி பனியன், அதோட மட்டும் (அதுக்கு மேல ஆரஞ்சு வெஸ்ட், சட்டம்) மெதுவா ஏறுவேன், மத்ததெல்லாம் பைக்குள்ள. எடத்துக்குப் போய் அஞ்சு நிமிஷம் நின்னு ஆறவிட்டு, காஞ்ச இன்னொரு பனியன் மாத்திக்குவேன். அந்த முப்பது செகண்டு வெத்து உடம்போட நிக்குறது கொடுமை தான், ஆனா மீதி நாலு மணி நேரத்துக்கு அதுதான் காப்பாத்துது. அப்புறம் ஃப்ளீஸ், அதுக்கு மேல இன்சுலேட்டட் பிப் (நெஞ்சு வரைக்கும் வர்ற, தோள்ல பட்டி மாட்டுற பேன்ட்), ஜாக்கெட்.

மெரினோ பனியன் ஒண்ணு 70 டாலர், மொதல்ல வயிறு எரிஞ்சுது. ஆறு வருஷமா அதே ரெண்டு தான் ஓடுது. முழங்கைல பூச்சி அரிச்சு ஒரு ஓட்டை, அது நான் டப்பாவுல போடாம வெளிய வெச்சதால, துணி மேல தப்பு இல்ல. மூணு நாள் போட்டாலும் நாத்தம் அடிக்காது, மான் மோப்பம் பிடிச்சிடும்கிறதால இது ரொம்ப முக்கியம்.

வெளி ஜாக்கெட் ரெண்டாவது வருஷம் ஒரு பெரிய கடைல 180 டாலருக்கு வாங்கினது. தண்ணி உள்ள போகாது, காத்து புகாது, எல்லாம் சரி, ஆனா குளிர்ல அந்த நைலான் வெறச்சுப் போய் கைய தூக்குனாலே அப்பளம் நொறுக்குற சத்தம். கடைல ஹீட்டர் ஓடுற எடத்துல போட்டுப் பாத்தா இது தெரியாது. நாலாவது வருஷம் உள்பக்க கோட்டிங் செதில் செதிலா உரிஞ்சு வந்துச்சு, கொண்டு போய் காட்டினா ரசீது இருக்கான்னு கேட்டாங்க, விட்டுட்டேன். இப்ப இருக்குறது வெளிப்பக்கம் மொசுமொசுன்னு ஃப்ளீஸ் வெச்சது, மழைல நனையும், ஆனா சத்தமே இல்ல. என் ஓட்டு சத்தமில்லாததுக்கு தான். இங்க நவம்பர்ல மழைய விட பனி தான் ஜாஸ்தி, உதறிட்டா போச்சு.

கலர் விஷயம். இடுப்புக்கு மேல வெளி உடுப்புல பாதியாவது பளீர் ஆரஞ்சு இருக்கணும், 2016ல இருந்து பளீர் பிங்க்கும் செல்லும், தலைல ஏதாவது போட்டா அதுக்கும் அதே கணக்கு. இவ்ளோ பளிச்சுன்னு இருந்தா மான் பாக்காதான்னு எல்லாரும் கேப்பாங்க. மான் கண்ணுல செவப்ப பிரிக்கிற செல் கிடையாது, ஆரஞ்சு அதுக்கு மங்கலா தான் தெரியும், ஆனா நீலம் நம்மள விட நல்லா தெரியும். அதாவது என் மொத வருஷ ஜீன்ஸ் தான் பிரச்சனை, வெஸ்ட் இல்ல. வெண்மைக்குன்னு பிரைட்னர் போட்ட சோப்புத்தூளும் அப்படித்தான், துணிய புற ஊதா ஒளில (யூவி) நீலமா மின்ன வெச்சிடும், அது இல்லாத சோப்பா பாத்து வாங்குங்க.

சோப்ப விட நம்ம வீட்டு கஷ்டம் துணில ஏறுற தாளிப்பு வாசனை. மூணாவது சீசன்ல ஜாக்கெட்ட டைனிங் சேர்ல மாட்டி வெச்சிருந்தேன், முந்தின நாள் ராத்திரி வீட்ல மீன் வறுத்தாங்க. காலைல பெரியவர் வண்டில ஏறினதும் மூக்க உறிஞ்சிட்டு, இன்னைக்கு மான் வராது, எனக்குத் தான் பசிக்குதுன்னார். இப்ப எல்லாத்தையும் மூடி போட்ட டப்பாவுல கராஜ்ல தான் வைக்கிறது. என்ன பண்ணாலும் காத்து நம்ம முதுகுல இருந்து மான் பக்கம் அடிச்சா கதை முடிஞ்சுது.

தலைக்கு ஸ்டார்மி க்ரோமர் ஆரஞ்சு தொப்பி. 1903ல ஒரு ரயில் இன்ஜின் டிரைவர் தொப்பி காத்துல பறந்துட்டே இருக்குன்னு பொண்டாட்டி கிட்ட சொல்ல, அந்தம்மா பழைய பேஸ்பால் தொப்பில காத மூடுற பட்டி வெச்சு தெச்சுக் கொடுத்தாங்களாம், அதுதான் இது. கம்பளி, கொஞ்சம் அரிக்கும், ஆனா அஞ்சு வருஷத்துல ஒரு நூல் பிரியல.

பூட்ஸ்ல நான் பண்ண தப்பு, ரெண்டு சாக்ஸ் போட்டு இறுக்கமா கட்டினது. ரத்த ஓட்டம் நின்னா எவ்ளோ சாக்ஸ் போட்டும் பிரயோஜனம் இல்ல. ஒரு சைஸ் பெருசு, ஒரே ஒரு தடிச்ச கம்பளி சாக்ஸ், விரல் உள்ள ஆடணும், அவ்ளோதான்.

உடம்புக்கு வருவோம். 2019ல எனக்கு 44 வயசு, 91 கிலோ, சுகர் பார்டர்ல. மிச்சிகன்ல 25 மான் வேட்டைக்காரங்களுக்கு ஹார்ட் மானிட்டர் மாட்டி 2007ல ஒரு ஆய்வு வந்துச்சு, சில பேருக்கு ட்ரெட்மில்ல முழு மூச்சா ஓடினப்ப வந்த துடிப்பயும் தாண்டி காட்டுல போயிருக்கு. மான பாத்த படபடப்பு ஒரு பக்கம், சுட்ட மான இழுக்குறது ஒரு பக்கம், குளிர் வேற. அதைப் படிச்சுட்டு மொதல்ல டாக்டர போய் பாத்தேன், நாப்பது தாண்டினவங்க இத தள்ளிப் போடாதீங்க.

ஜிம்முக்கெல்லாம் போகல. ஆகஸ்ட்ல ஆரம்பிச்சு, இந்தியன் கடைல வாங்குற 20 பவுண்டு சோனா மசூரி மூட்டைய பைக்குள்ள போட்டு பேஸ்மென்ட் படிக்கட்டு ஏறி எறங்குறது, மொதல்ல பத்து ரவுண்டு, அக்டோபர்ல நாப்பது. எறங்குறப்ப தான் முட்டி வலிக்கும், அத மெதுவா பண்ணணும். சனிக்கிழமை பழைய கார் டயர்ல கயிறு கட்டி பின்பக்க புல்லுல இழுக்குறது, பக்கத்து வீட்டம்மா மொத வாரம் ஜன்னல்ல இருந்து பாத்துட்டே இருந்தாங்க, ரெண்டாவது வாரம் எதாவது உதவி வேணுமான்னு கேட்டாங்க. 2021ல மொத மான், குடல் எடுத்தப்புறமே அறுபது கிலோ தேறும், பள்ளத்துல இருந்து ரோட்டுக்கு இழுக்க ஒன்ர மணி நேரம் ஆச்சு, இருபது அடி இழு, நில்லு, மூச்சு வாங்கு. அன்னைக்கு டயர் அருமை தெரிஞ்சுது. அடுத்த வருஷம் 40 டாலருக்கு பிளாஸ்டிக் ஸ்லெட் (மான வெச்சு இழுக்குற சறுக்குத் தட்டு) வாங்கினேன், அதோட அருமை இன்னும் நல்லா தெரிஞ்சுது.

இப்ப 82 கிலோ. அதே மேடு, அதே அரை மைல், பனியன் முதுகுல உள்ளங்கை அளவு தான் ஈரம். ரெண்டாவது பனியன் இன்னும் எடுத்துட்டுத் தான் போறேன், போன சீசன்ல ஒம்போது நாள்ல ரெண்டு நாள் தான் மாத்த வேண்டி இருந்துச்சு. மரத்துல ஏறுற ஸ்டாண்டுன்னா ஹார்னஸ் (கீழ விழாம இருக்க உடம்புல மாட்டுற பெல்ட்) மட்டும் பழசு வாங்காதீங்க, அதுல தேதி போட்டிருக்கும் பாருங்க. பூட்ஸ் சைஸ், ஸ்லெட் பத்தி கேள்வி இருந்தா கேளுங்க, ஞாயித்துக்கிழமை உக்காந்து பதில் போடுறேன்.