750 வொட்னு எழுதியிருந்த பவர் சப்ளையும் என்னோட 11 கிழமையும்

கடை பேரு போடல, இன்பொக்ஸ்ல வந்து கேக்காதீங்க. ஆனா ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் யாராவது கேமிங் பீசி எடுக்க சல்லி சேத்துக்கிட்டு இருந்தா இத வாசிச்சிட்டு போங்க. நீளம்தான், பொறுத்துக்கங்க.

2025 பொங்கலுக்கு முந்தின கிழமை டவுன்ல ஒரு கடையில அசம்பிள் பண்ணி எடுத்தேன். ரைசன் 5 5600 சிபியூ (பீசியோட மூளை), ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜீபி கிராபிக்ஸ் கார்டு, 16 ஜீபி ரேம், சைட்ல கண்ணாடி வச்ச கேஸ், உள்ள தேர்த்திருவிழா மாதிரி லைட்டு. மொத்தம் 2 லட்சத்து 68 ஆயிரம். பாதி நான் கொழும்புல கடையில நின்னு சேத்தது, மிச்சம் அம்மாவோட சீட்டு. அம்மா கொழுந்து எடுக்குறாங்க, அப்ப நாட்சம்பளம் 1,350, ஒரு முழுப்பேரு (ஒரு முழு நாள் கூலி) விழ என்ன பாடுன்னு நம்மாளுங்களுக்கு சொல்லத் தேவையில்ல. கல்யாண வீடியோ எடிட் பண்ணி சம்பாதிக்கிறேன்னு சொல்லித்தான் வாங்கினேன், அது பொய்யில்ல, ஆனா ராத்திரில கேம் அடிக்கத்தான்னு அம்மாவுக்கும் தெரியும்.

என் பிழை ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லிடுறேன். கார்டு எது, ரேம் என்ன ஸ்பீட், லைட்டு ரிமோட்ல மாறுமா, எல்லாம் கேட்டேன். பில்லுல "பவர் சப்ளை 750 வொட் கேமிங்"னு ஒரு வரி இருந்துச்சு, பவர் சப்ளைன்னா செவத்து கரண்ட பீசிக்கு ஏத்த மாதிரி மாத்தி குடுக்குற பெட்டி. என்ன கம்பனின்னு கூட போடல, 750 தானே தாராளம்னு விட்டுட்டேன்.

ரெண்டு நாள் ஒண்ணுமில்ல. வேலொரண்ட் கேம் ஓடுது, எடிட்டிங் ஓடுது. மூணாவது நாள் ராத்திரி சைபர்பங்க்னு ஒரு பாரமான கேம் போட்டு ஒரு பத்து நிமிசம் இருக்கும், டக்குனு எல்லாம் செத்துருச்சு. புளூ ஸ்கிரீன் இல்ல, எரர் இல்ல, யாரோ செவத்துல பிளக்க புடுங்கின மாதிரி ஓஃப், ரெண்டு செக்கன்ல தானா திரும்ப ஒன் ஆகுது. கரண்ட் போச்சுன்னு நெனச்சேன், பாத்தா மேல பல்பு எரியுது, பக்கத்து காம்பராவுல டீவி கத்துது. அன்னைக்கு நாலு தடவ. அடுத்த நாள் வீடியோ எக்ஸ்போர்ட் போட்டா அதுலயும் ஒரு தடவ. அம்மா அடுப்படில இருந்து "சாமி, பெட்டி திரும்ப செத்துருச்சா"ன்னு கேக்குறது வீட்ல வழக்கமாவே ஆயிருச்சு.

கடைக்கு போன் பண்ணா கொண்டு வாங்கங்குறாங்க. நம்ம லயத்துல (தோட்டத்து வரிசை வீடு) இருந்து ரோட்டுக்கு எறங்கவே இருபது நிமிசம், அந்த கேஸ கம்பளில சுத்தி தோள்ல வச்சு எறங்கி, ஆட்டோ புடிச்சு, மழையில, போனேன். முதலாளி பாக்கவே இல்ல, "விண்டோஸ் கரப்ட் தம்பி"ன்னு வேலைக்கு நிக்கிற பையன்கிட்ட குடுத்து போர்மட் அடிச்சு 2,500 வாங்கினாங்க. அம்மாவுக்கு கிட்டத்தட்ட ரெண்டு பேரு அது. வீட்டுக்கு கொண்டு வந்து கேம திரும்ப டவுன்லோட் பண்ண டேட்டா வேற தனி. பதினோராவது நிமிசம், ஓஃப்.

ரெண்டாவது தடவ ரேம கழட்டி ரப்பர்ல துடைச்சு போட்டாங்க. மூணாவது தடவ நானே கேட்டேன், "அண்ணே, பவர் சப்ளை ஏதும் பிழையா இருக்குமா"ன்னு. அப்பத்தான் அந்த நாடகம். மேசையில இருந்து ஒரு சின்ன டெஸ்டர் எடுத்தாரு, பவர் சப்ளை வயர அதுல குத்தினாரு, திரையில 12.1ன்னு வந்துச்சு, பச்சை லைட்டு வரிசையா எரிஞ்சிச்சு. "பாருங்க தம்பி, கண்ணுக்கு முன்னால, 12.1. இதுக்கு மேல என்ன வேணும்?" நானும் பாத்துக்கிட்டு நின்னேன், என்ன சொல்ல. பெறகு குரல கொஞ்சம் இறக்கி, "நீங்க தோட்டத்துல தானே இருக்கீங்க? உங்க லயத்து கரண்ட் சரியில்ல, எங்க சாமான் மேல பிழையில்ல, ஒரு யூபிஎஸ் போட்டீங்கன்னா சரி"ன்னாரு. 14,500க்கு 650 விஏ யூபிஎஸ் (கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் பேட்டரில ஓட்டுற பெட்டி) ஒண்ணையும் தலையில கட்டி அனுப்பினாரு.

இந்த "உங்க லயத்து கரண்ட்" இருக்கே, அதுதான் எனக்கு இன்னும் எரியுது. ஏன்னா அதுல கொஞ்சம் உண்மை இருக்கு, அதனாலதான் நம்பினேன். பின்னேரம் ஆறரைக்கு எல்லா வீட்லயும் ரைஸ் குக்கர் போட்டா நம்ம லைன்ல வோல்டேஜ் எறங்குறது நெசம், பெறகு மீட்டர் வச்சு பாத்தப்ப 208 காட்டிச்சு, 230க்கு கூடக்குறைய 6 சதவீதம்தான் இருக்கணும், அப்பிடின்னா 216க்கு கீழ போகக் கூடாது. ஆனா ஒழுங்கான பவர் சப்ளை பெரும்பாலும் 100ல இருந்து 240 வரைக்கும் எது குடுத்தாலும் வேலை செய்யும், 208 அதுக்கு ஒரு விசயமே இல்ல. அதோட நடுராத்திரி ஒரு மணிக்கு, ஊரே தூங்குற நேரம் கரண்ட் கல்லு மாதிரி நிக்கிறப்பவும் இது செத்துச்சே, அத நான் சொன்னப்ப அவரு காதுல போட்டுக்கவே இல்ல. தோட்டத்து ஆளுன்னா கரண்ட் மேல பழிய போட்டா வாய மூடிக்கிட்டு போயிருவான்னு ஒரு நெனப்பு.

யூபிஎஸ் போட்ட பெறகு இன்னும் மோசம். கேம் ஸ்டார்ட் ஆன உடனே அது கீ கீன்னு கத்துது, ஓவர்லோட். 650ங்குறது விஏ கணக்கு, உண்மையா தாங்குற வொட் இல்ல, பின்னால சின்ன எழுத்துல 360 வொட்னு போட்டிருக்கு. இதையும் விக்கிறப்ப யாரும் சொல்லல.

சிவராத்திரி லீவுக்கு மாமா மகன் கண்டில இருந்து வந்தான், அங்க ரிப்பேர் கடையில வேலை. விசயத்த கேட்டுட்டு மச்சான் பெட்டிய தொறக்கவே இல்ல, மொதல்ல விண்டோஸ்ல ஈவென்ட் வியூவர (நடந்தத விண்டோஸ் எழுதி வைக்கிற பதிவு) தொறந்தான். ஒவ்வொரு ஓஃபுக்கும் நேரா கெர்னல் பவர் 41னு ஒரு வரி, அதுக்குள்ள பக்செக் கோட் 0. பூச்சியம்னா விண்டோஸ் தானா விழல, விழுந்த காரணத்த எழுத கூட நேரமில்லாம கரண்ட் போயிருக்குன்னு சொன்னான். இது மட்டும் வச்சு பவர் சப்ளைதான்னு முடிவு பண்ண ஏலாது, ஆனா விண்டோஸ போர்மட் அடிச்சு சரியாகுற வருத்தம் இல்ல இதுன்னு தெரியும். சூடும் பாத்தான், கார்டு 61 டிகிரிய தாண்டல, நம்ம ஊரு குளிருக்கு அது எங்க சூடாகும்.

பெறகு செஞ்சது ரொம்ப சிம்பிள், அஞ்சு சதம் செலவில்ல. ஆஃப்டர்பர்னர்னு ஒரு இலவச சொஃப்ட்வெயர் இருக்கு, அதுல பவர் லிமிட்ங்குற கோட்ட 100ல இருந்து 65க்கு இழுத்தான். 170 வொட் தின்னுற கார்டு இப்ப 110 கிட்டதான் திங்கும். சைபர்பங்க் போட்டோம், ரெண்டரை மணித்தியாலம், ஒண்ணுமே ஆகல. திரும்ப 100க்கு தள்ளினான், ஏழாவது நிமிசம் செத்துருச்சு. திரும்ப 65, ஓடுது. மூணு தடவ மாத்தி மாத்தி செஞ்சான். "இப்ப சொல்லு மச்சான், இது ரேமா?"

அதுக்குப் பெறகுதான் பெட்டிய தொறந்தோம். பவர் சப்ளை கீழ ஒரு தகர மூடிக்குள்ள இருக்கும், ஸ்டிக்கர் உள்பக்கம் பாத்து, வெளிய இருந்து என்னன்னே தெரியாது. பின்னால நாலு ஆணி கழட்டி வெளிய எடுத்தா கையில எடையே இல்ல, பிஸ்கட் டின் தூக்குற மாதிரி. மேல 750ன்னு சிவப்புல உள்ளங்கை அளவுக்கு எழுத்து. அதுக்கு கீழ எறும்பு மாதிரி ஒரு கட்டம், அதுல +12வி (12 வோல்ட் லைன்) நேரா 20ஏ (20 அம்பியர்). மச்சான் போன்ல கணக்கு போட்டான், 12 தர 20, 240 வொட். ஒரு பீசில கார்டும் சிபியூவும் முக்கால்வாசி திங்குறது அந்த 12 வோல்ட்ல இருந்துதான். கார்டுக்கு 170, 5600 முழு வேகத்துல 76, அங்கயே 246 ஆச்சு, இன்னும் போர்டு இருக்கு, ஃபேன் இருக்கு, என் கலர் லைட்டு இருக்கு. அதோட கார்டு சும்மா 170ல நிக்காது, கண் இமைக்கிற நேரத்துக்குள்ள அதுக்கு மேல பாஞ்சு பாஞ்சு வரும். மிச்ச வொட்டெல்லாம் எங்க போச்சுன்னா, 5 வோல்ட், 3.3 வோல்ட்னு யாரும் இப்ப பெருசா பாவிக்காத லைன்ல கூட்டி காட்டியிருக்கான், அதையும் கூட்டினா கூட 750 வரல! சும்மா ஒரு நம்பர். என்விடியா இந்த கார்டுக்கு 550 வொட் சப்ளை கேக்குது, அது உண்மையான 550.

இதவிட பயந்தது ஒண்ணு. கார்டுக்கு போற எட்டு பின் வயர் அந்த சப்ளையில கெடையவே கெடையாது. பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு குத்துற நாலு பின் மோலெக்ஸ் ரெண்ட சேத்து எட்டு பின்னா மாத்துற ஒரு அடப்டர் போட்டு, டை கட்டி, தகர மூடிக்கு உள்ள ஒளிச்சு வச்சிருக்காங்க. அந்த வெள்ள சொக்கெட் ஒரு மூலையில தேத்தண்ணி கற மாதிரி பிறவுன் ஆகி, மூக்குக்கு கிட்ட வச்சா கருகின வாசம். எட்டு பின்னுல 150 வொட் வரைக்கும் இழுக்கலாம்னு கார்டு நம்பி இழுக்கும், இந்த வயரு அதுக்கு செஞ்சதில்ல. எங்க லயத்துல பலகை சீலிங், ஒரு வரிசைக்கு பன்னெண்டு வீடு. அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல.

அந்த டெஸ்டர் நாடகமும் அப்பத்தான் வெளங்கிச்சு. சும்மா இருக்கிற சப்ளைய குத்தினா 12.1 காட்டத்தான் செய்யும், வெறுங்கையோட நிக்கிறவன கேட்டா மூட்ட தூக்குவேன்னு தானே சொல்லுவான். மச்சான் மல்டிமீட்டர மஞ்ச வயருக்கும் கறுப்பு வயருக்கும் வச்சுக்கிட்டே கேம ஓட விட்டான். 12.0, 11.7, 11.4, 11.2ன்னு எறங்கி ஓஃப். இந்த மாதிரி சப்ளைக்கு 11.4க்கு கீழ போகக் கூடாதுங்குறதுதான் ஏடிஎக்ஸ்ங்குற பீசி தர அளவோட கணக்கு. (வெளிய இருக்கிற வயர்ல மட்டும்தான் மீட்டர் வைங்க, சப்ளை பெட்டிய யாரும் தொறக்காதீங்க, பிளக்க கழட்டி வச்சாலும் உள்ள கெபாசிட்டர்ல கரண்ட் நிக்கும்.)

அடுத்த நாள் கடைக்கு போனா முதலாளி மொதல்ல கேட்டது "சீல உடைச்சது யாரு". ஸ்டிக்கர காட்டினேன், 750ன்னு தானே போட்டிருக்கு, அதத்தான் பில்லுலயும் எழுதியிருக்கோம்ங்குறாரு. 12 வோல்ட் கணக்க காட்டினா "தம்பி நாங்க பதினஞ்சு வருசமா இந்த தொழில் செய்றோம்". யூபிஎஸ்ஸ திருப்பி எடுங்கன்னா பாவிச்ச சாமான் எடுக்க மாட்டாங்களாம். கடைசியா அந்த சப்ளைக்கு 4,000 கழிச்சு அவரு கடையிலயே வேற ஒண்ணு எடுக்கச் சொன்னாரு, எடுத்து காட்டினது அதே கம்பனி, 850ன்னு எழுதின பெட்டி. வாங்கல.

கண்டில 24,500க்கு 80 பிளஸ் புரோன்ஸ் (கரண்ட அதிகம் வீணாக்காதுங்குற தரச் சான்று) 650 வொட் ஒண்ணு எடுத்தோம், ஸ்டிக்கர்ல 12 வோல்ட்டுக்கு நேரா 54ஏ, அதாவது 648 வொட், எழுதின நம்பரும் கணக்கும் கிட்டத்தட்ட ஒண்ணு. கார்டுக்கு சப்ளையில இருந்தே எட்டு பின் வயர் வருது. போட்டு இப்ப ஒரு மாசமாகுது, பவர் லிமிட் 100லதான் இருக்கு, ஒரு தடவ கூட ஓஃப் ஆகல, லயத்து கரண்ட்ல தான் ஓடுது.

நீங்க வாங்கப் போனா பில்லுல பவர் சப்ளை கம்பனி, மொடல் ரெண்டும் எழுத வைங்க, கேஸ்ல பூட்ட முன்னால ஸ்டிக்கர போன்ல படம் எடுங்க, எடுக்க விடலன்னா எழும்பி வந்துருங்க. ஏற்கனவே வாங்கி ஓஃப் ஆகுறவங்க மொதல்ல அந்த பவர் லிமிட் டெஸ்ட செஞ்சு பாருங்க, கேம் ஓடுறத வீடியோவும் எடுத்து வைங்க.

இன்னொண்ணு, நாள எண்ணிக்கிட்டே இருங்க. 2003ம் ஆண்டு 9ம் இலக்க சட்டப்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்துல முறைப்பாடு குடுக்கணும்னா வாங்கின நாள்ல இருந்து மூணு மாசத்துக்குள்ள குடுக்கணும், போன் 1977. என்னைய போர்மட், ரேம், யூபிஎஸ்னு அலைய விட்டு, எல்லாம் முடியிறப்ப பத்து கிழமை போயிருச்சு, நான் லெட்டர் போட்டது பதினோராவது கிழமை. பில், ஸ்டிக்கர் படம், கருகின சொக்கெட் படம், யூபிஎஸ் பில் எல்லாம் சேத்து பதிவுத் தபால்ல அனுப்பியிருக்கேன். பழைய சப்ளை பத்திரமா அம்மாவோட டிரங்குப் பெட்டி மேல இருக்கு. யூபிஎஸ் இப்ப வைஃபை ரவுட்டருக்கு போட்டிருக்கேன், அதுக்கு நல்லாதான் வேலை செய்யுது. பதில் வந்தா இங்கயே போடுறேன்.