ஆலய வாசலில் க்யூஆர் அட்டை: ஓராண்டுப் பயன்பாட்டின் மதிப்பீடு

தூத்துக்குடி மாவட்டத்தில் ஏறத்தாழ 180 குடும்பங்கள் உள்ள எங்கள் கிறிஸ்தவ சபையில், கடந்த ஆண்டு அறுப்பின் பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்னதாக, யுபிஐ வழியாகக் காணிக்கை பெறும் க்யூஆர் அட்டை ஒன்றையும், வந்த தொகையை உரக்க அறிவிக்கும் சவுண்ட்பாக்ஸ் ஒன்றையும் பணப்பரிமாற்றச் செயலி நிறுவனம் ஒன்றிடமிருந்து பெற்று வைத்தோம். சபைக் கணக்கைப் பார்க்கும் பொறுப்பு என்னிடம் இருப்பதால் இரண்டின் பயனையும் வாரந்தோறும் கவனிக்க முடிந்தது. இதே யோசனையில் இருக்கும் பிற சபைக் கமிட்டியாருக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

எங்களை இதற்குத் தூண்டியது இளைஞர்களின் நிலைமை. காணிக்கைப் பாடல் பாடும்போது வெல்வெட் பை வரிசை வரிசையாக வரும். சென்னையிலும் திருப்பூரிலும் வேலை பார்த்துவிட்டு விடுமுறைக்கு ஊர் வரும் பிள்ளைகள் கையில் ரொக்கமே வைத்திருப்பதில்லை. பை தங்களைக் கடந்து செல்லும்போது அவர்கள் தலையைக் குனிந்துகொள்வதைப் பல ஞாயிற்றுக்கிழமைகளில் கண்டிருக்கிறேன். மனமிருந்தும் கொடுக்க வழியில்லாத அந்தச் சங்கடத்தை அட்டை உண்மையாகவே நீக்கியது. வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐ மூலம் வரும் பணத்துக்கு 2020 ஜனவரி முதல் வணிகர் கட்டணம் இல்லை என்பதால், நூறு ரூபாய் அனுப்பினால் நூறு ரூபாயும் சபைக்கே வந்து சேர்கிறது.

சவுண்ட்பாக்ஸைப் பற்றி இப்படி எழுத முடியவில்லை. கடைக்காரருக்கு அது தேவையான கருவி. ஆராதனை நடக்கும் இடத்தில் அதற்கு இடமில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமையே, பாவ அறிக்கை ஜெபத்தின் நடுவே, வாசலிலிருந்து "ஐயாயிரம் ரூபாய் பெறப்பட்டது" என்ற குரல் எழுந்தது. சற்று நேரத்தில் "இருபது ரூபாய் பெறப்பட்டது" என்றது. அந்த இருபது ரூபாயைக் கொடுத்தவர் யாரென்று வாசலருகே இருந்த எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எருசலேம் ஆலயத்தில் எக்காளம் போல வாய் குறுகிய 13 காணிக்கைப் பெட்டிகள் இருந்ததாக யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா கூறுகிறது. அதிகமாய்ப் போட்ட ஐசுவரியவான்களுக்கு நடுவே ஏழை விதவை போட்ட இரண்டு காசை இயேசு கவனித்ததும் அத்தகைய காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்துதான். வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்கட்டும் என்று போதிக்கிற சபை, தொகையை ஒலிபெருக்கியில் அறிவிக்கும் கருவியை வாசலில் வைத்தது தவறு. அந்த முடிவில் எனக்கும் பங்குண்டு. மூன்றாம் வாரமே அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். மாத வாடகையும் மிச்சமாயிற்று.

அட்டையை வைக்கும் சபைகள் சில காரியங்களில் கண்டிப்பாக இருக்க வேண்டும். கணக்கு சபையின் பெயரில், இருவர் கையொப்பத்துடன் இயங்குவதாக இருக்க வேண்டும். அவசரத்துக்குக்கூட போதகரான ஐயரவர்களின் எண்ணையோ பொருளாளரின் எண்ணையோ கொடுக்கக் கூடாது. கடைகளில் நடப்பதுபோல அட்டையின் மேல் வேறொருவர் தம் ஸ்டிக்கரை ஒட்டிவிடக்கூடும் என்பதால், ஒவ்வொரு ஞாயிறு காலையிலும் ஆலயப் பணியாளரான கோயில் பிள்ளை தம் போனில் ஸ்கேன் செய்து, சபையின் பெயர் தோன்றுகிறதா என்று பார்த்துவிடுகிறார். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட உறவினர்களுக்கு அட்டையின் படத்தை அனுப்பக் கூடாது. அவர்கள் தருவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் வரும். அதற்குத் தனிப் பதிவு வேண்டும், பணமும் புதுதில்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் இதற்கென்றே திறந்த கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். துபாயில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் இதில் சேராது.

அட்டை வந்த பின் சபை மக்கள் தாராளமாய்க் கொடுத்தார்களா என்று கேட்டால், முதல் ஐந்து மாதங்களில் இல்லை என்பதே என் பதில். பையில் விழுந்த பணம் எவ்வளவு குறைந்ததோ அதே அளவு வங்கிக் கணக்கில் கூடியது, அவ்வளவுதான். மாற்றம் வந்தது, வரவு செலவு முழுவதையும் மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டத் தொடங்கிய பிறகு. கொடுத்தவர் பெயரோ தனித்தனித் தொகையோ அதில் கிடையாது. மிஷனெரி ஊழியத்துக்கு எவ்வளவு, விடுதிப் பிள்ளைகளின் கட்டணத்துக்கு எவ்வளவு, கூரைக்கு எவ்வளவு என்பது மட்டும் இருக்கும். தன் பணம் போய்ச் சேர்ந்த இடத்தைக் கண்டவர் அடுத்த மாதம் கேளாமலே கூட்டிக் கொடுத்தார். இது நம் பகுதிக்குப் புதிதும் அல்ல. 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது, இந்திய ஊழியர், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பதே கொள்கையாயிருந்தது; இன்றைய தெலங்கானாவிலுள்ள தோர்ணக்கல் ஊழியத்துக்கு என்று தெரிந்துதான் திருநெல்வேலிச் சபையார் கொடுத்தார்கள். உலையில் போடும் அரிசியிலிருந்து வேளைதோறும் ஒரு கைப்பிடியைத் தனியே எடுத்து வைத்த எங்கள் பாட்டிக்கும் அது எதற்கென்று தெரிந்திருந்தது. மிசோரம் சபைகளில் கைப்பிடி அரிசிக் காணிக்கை இன்றும் வழக்கத்தில் இருக்கிறது.

அட்டையின் பெருங்குறை இங்கேதான் இருக்கிறது. வங்கி அறிக்கையில் அனுப்பியவர் பெயரும் தொகையும் தெரிகின்றனவே தவிர நோக்கம் தெரிவதில்லை. செயலியில் குறிப்பு எழுத இடம் இருந்தும் பெரும்பாலோர் அதை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். சபை உறுப்பினர் தரும் சங்கக் காணிக்கையா, பிறந்தநாள் ஸ்தோத்திரக் காணிக்கையா, கட்டட நிதியா என்று ஒவ்வொருவரையும் கேட்டு ரசீது எழுதுவது எனக்கு மாதம் இரண்டு மாலை வேலை. பழைய காணிக்கைக் கவரில் இந்தத் தொல்லை இல்லை. நோக்கம் மேலேயே அச்சாகியிருக்கும்.

ஆகையால் அட்டையை வாங்கலாம், சவுண்ட்பாக்ஸ் வேண்டாம், பையையும் கவரையும் எக்காரணம் கொண்டும் நிறுத்த வேண்டாம், முதியோரின் கை அவற்றுக்கே பழகியது. பொதுக் காணிக்கைக்கு ஒன்று, மிஷனெரி ஊழியத்துக்குத் தனிக் கணக்குடன் மற்றொன்று என இரண்டு அட்டைகளை, இம்முறை கண்ணாடிச் சட்டத்துக்குள் வைக்கும்படி, வருகிற பண்டிகைக்காக அச்சுக்குக் கொடுத்திருக்கிறோம்.