மூத்த குடிமக்கள் சங்கத்தில் எட்டு ஆண்டுகள்: ஓர் உறுப்பினரின் அனுபவம்

அஞ்சல் துறையில் எழுத்தராகப் பணியாற்றி 2015இல் ஓய்வு பெற்ற நான், காரைக்குடிக்கும் கானாடுகாத்தானுக்கும் இடைப்பட்ட ஓர் ஊரில் மனைவியுடன் வசித்து வருகிறேன். எங்கள் வட்டாரத்து மூத்த குடிமக்கள் சங்கத்தில் 2017இல் சேர்ந்தேன். நுழைவுக் கட்டணம் 100 ரூபாய்; ஆண்டுச் சந்தா 300 ரூபாய். சங்கம் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் முறையாகப் பதிவு செய்யப்பட்டிருந்ததும், ஆண்டுதோறும் வரவு செலவைப் பொதுக்குழுவில் வாசித்ததும் எனக்கு நம்பிக்கை அளித்தன. ஆயினும், உண்மையைச் சொன்னால், என் கண் முழுவதும் தள்ளுபடி அட்டையின் மீதுதான் இருந்தது.

அந்த அட்டை என்னை ஏமாற்றிவிட்டது. மருந்துக் கடையில் பத்து விழுக்காடு தருவார்கள் என்றார்கள். அதே பத்து விழுக்காட்டை அட்டையே இல்லாத என் பக்கத்து வீட்டுக்காரருக்கும் கடைக்காரர் தந்துகொண்டிருந்தார். இரத்தப் பரிசோதனைக் கட்டணத்தில் மட்டும் ஓரளவு பயன் உண்டு. உறுப்பினரானால் ரயில் கட்டணம் குறையும் என்று இன்றும் சிலர் எண்ணிச் சேருகிறார்கள். அந்தச் சலுகையை ரயில்வேதான் வயதைப் பார்த்து வழங்கியது. ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 விழுக்காடு என்றிருந்த அது 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அதற்காக நாங்கள் அனுப்பிய மனுக்களின் நகல்களே ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன.

சங்கத்தின் அருமையை எனக்கு உணர்த்தியது ஒரு நவம்பர் மாதம். மத்திய அரசு ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் அந்த மாதத்தில் வாழ்நாள் சான்றிதழ் அளிக்க வேண்டும். 80 வயதைக் கடந்தவர்கள் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே அளிக்கலாம். 2014இல் வந்த ஜீவன் பிரமாண் என்னும் மின்னணு வாழ்நாள் சான்றிதழ் முறையில் கைரேகை வைத்தால் போதும் என்றார்கள். ஆனால் முப்பது ஆண்டுகள் தபால் முத்திரையும் கோந்தும் பழகிய என் விரல்களை அந்தக் கருவி ஏற்க மறுத்தது. ஈரத்துணியால் துடைத்து, நெற்றியில் தேய்த்து, பத்து விரல்களையும் மாற்றி மாற்றி வைத்தும் பயனில்லை. மறு ஆண்டு, முகத்தைப் படம் பிடித்தே சான்று அளிக்கும் வசதி வந்துவிட்டதைச் சங்கச் செயலாளர்தான் சொன்னார். "அண்ணே, சன்னலுக்கு எதிரே உட்காருங்க, கண்ணை ஒரு தடவை சிமிட்டுங்க" என்றார். இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது.

அதைவிட முக்கியமான ஒன்றையும் அவரிடம் கற்றுக்கொண்டேன். சான்று உருவானதைக் காட்டும் பிரமாண் எண் கைபேசிக்கு வந்துவிட்டாலே சான்று ஏற்கப்பட்டதாகப் பலரும் எண்ணிவிடுகிறோம். ஓய்வூதிய ஆணை எண்ணிலோ வங்கிக் கணக்கு எண்ணிலோ ஓர் இலக்கம் பிசகினாலும், ஓய்வூதியம் வழங்கும் அலுவலகம் பிறகு அதை நிராகரிக்கக்கூடும். எங்கள் உறுப்பினர் ஒருவருக்கு அப்படித்தான் இரண்டு மாத ஓய்வூதியம் நின்றது. வங்கிக்கு மூன்று முறை நடந்தும் காரணத்தை எவரும் சொல்லவில்லை. இப்போது டிசம்பர் முதல் வாரத்தில் அனைவருடைய சான்றின் நிலையையும் சங்கத்திலேயே சரிபார்த்துவிடுகிறோம். நடக்க இயலாதவர்களுக்கு 70 ரூபாய் கட்டணத்தில் தபால்காரரே வீட்டுக்கு வந்து சான்று எடுத்துத் தருவதை நான் சொன்ன பிறகுதான் பலர் அறிந்தார்கள். என் பழைய துறைக்கு நான் செய்த சிறு கைம்மாறு என்று அதை வைத்துக்கொள்ளலாம்.

80 வயது நிறைவடையும் மாதத்தின் முதல் தேதியிலிருந்து அடிப்படை ஓய்வூதியத்தில் 20 விழுக்காடு கூடுதலாக வர வேண்டும் என்பதையும் பலர் சங்கத்தில்தான் அறிந்தார்கள். விட்டுப்போன ஒருவருக்கு நிலுவையுடன் பெற்றுக் கொடுத்தோம். அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஐந்தாண்டு முடிந்ததும் கணக்கை முடிக்கவோ, மூன்றாண்டுக்கு நீட்டிக்கவோ மறந்துவிடுபவர்களுக்குச் சாதாரண சேமிப்புக் கணக்கின் வட்டிதான் கிடைக்கும். ஆகவே உறுப்பினர்களின் முதிர்வுத் தேதிகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

சொத்து விஷயத்தில் நிகழ்ந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். தனியாக வாழும் ஓர் ஆச்சி, தமக்குரிய வீட்டுப் பங்கை உறவினர் மகனுக்குத் தானமாக எழுதிக் கொடுக்க எண்ணினார். எங்கள் உறுப்பினர்களில் ஒருவர் ஆவண எழுத்தராக இருந்தவர். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007இன் 23ஆம் பிரிவை அவர் ஆச்சிக்கு விளக்கினார். எழுதிக் கொடுப்பவரின் அடிப்படைத் தேவைகளைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்து மாற்றப்பட்டு, பெற்றவர் அதை நிறைவேற்றத் தவறினால், அந்த ஆவணத்தைச் செல்லாததாக அறிவிக்கும் அதிகாரம் கோட்டாட்சியர் நிலையிலான தீர்ப்பாயத்துக்கு உண்டு. நிபந்தனையைப் பத்திரத்திலேயே வெளிப்படையாக எழுதிவிடுவது பாதுகாப்பானது என்றார். "அப்படி எழுதினா அந்தப் பிள்ளை மனசு நோகாதா, தம்பி?" என்று ஆச்சி கேட்டார். "நோகுற மனசா இருந்தா இப்பவே நோகட்டும், ஆச்சி" என்றார் அவர். அந்த ஒரு வரி சேர்ந்தது. பிள்ளைக்கும் ஒன்றும் நோகவில்லை.

இத்தனைக்கும் மேலாக நான் மதிப்பது காலை அழைப்பு. செட்டிநாட்டு வீடுகளை அறிந்தவர்களுக்கு இதன் தேவையை விளக்க வேண்டியதில்லை. ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடக்கும் வீட்டில், பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, ஒருவரோ இருவரோதான் ஒரு மூலையில் புழங்குகிறார்கள். பின்கட்டில் விழுந்து கூவினால் முகப்புத் திண்ணைக்குக்கூடக் குரல் எட்டாது. ஆறு ஆறு பேராகக் குழு பிரித்து, காலை ஏழரை மணிக்கு முதலாமவர் இரண்டாமவரை, அவர் மூன்றாமவரை என்று அழைத்து, கடைசி ஆள் முதலாமவருக்கே அழைப்பைக் கொண்டுவந்து சேர்க்கிறோம். இரண்டு முறை எடுக்காவிட்டால் அருகில் இருப்பவர் நேரில் போக வேண்டும்.

2022 ஐப்பசியில், இரவெல்லாம் மழை பெய்த ஒரு காலையில், எங்கள் குழுவின் 76 வயது உறுப்பினர் அழைப்பை எடுக்கவில்லை. வளவு முற்றத்தின் கல்விளிம்பில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்த நிலையில், விடியலிலிருந்து நனைந்தபடியே கிடந்திருக்கிறார். எட்டு மணிக்கெல்லாம் நாங்கள் உள்ளே போய்விட்டோம். எங்களில் ஒருவர் வீட்டு ஆணியில் அவருடைய வீட்டுச் சாவி, ஒரு சாண் நீள இரும்புச் சாவி, பெயர்ச்சீட்டுடன் தொங்கியதால்தான் அது இயன்றது. ஆனால் உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தால் அந்தச் சாவியால் என்ன பயன் இருந்திருக்கும் என்ற கேள்வி அதன்பின் எழுந்தது. ஒரு கதவையாவது தாழிடாமல் விடலாம் என்றதைத் திருட்டுப் பயத்தைச் சொல்லிச் சிலர் கடுமையாக மறுக்க, இரண்டு கூட்டங்கள் வாதத்திலேயே கழிந்தன. கடைசியில், பின்கட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் இன்றிப் பூட்டு மட்டும் போடுவது என்று முடிவாயிற்று. முதியோருக்கான 14567 என்ற அரசு உதவி எண்ணைத் தொலைபேசிக்கு அருகில் ஒட்டித்தான் வைத்திருக்கிறோம். ஆலோசனைக்கு அது நல்லது, சாவியோடு வந்து கதவைத் திறக்க அது உதவாது.

குறைகளும் இல்லாமல் இல்லை. மாதக் கூட்டத்தில் பொன்னாடை போர்த்துவதற்கே ஒரு மணி நேரம் போய்விடுகிறது. மாலை ஆறு மணிக்குக் கூட்டம் வைத்ததால் பெண்கள் வரவே இல்லை. அதை நான்கு மணிக்கு மாற்ற எங்களுக்கு ஐந்தாண்டு பிடித்தது. மகள் வீட்டுக்கு அமெரிக்கா சென்றிருந்தபோது ஏஏஆர்பி என்னும் மூத்தோர் அமைப்பின் அட்டையைப் பலரிடம் பார்த்தேன். ஓய்வு பெற்ற பள்ளி முதல்வரான எத்தல் பெர்சி ஆண்ட்ரஸ் 1958இல் தொடங்கிய அந்த அமைப்பில் 50 வயதிலேயே சேர்ந்துவிடுகிறார்கள். நம்மவர்களோ அறுபதாம் கல்யாணமான சாந்தி முடிந்த பிறகும் "எனக்கு என்ன வயசாச்சு" என்கிறார்கள். அதன் விளைவு காலை அழைப்பில்தான் தெரிகிறது: ஓடிப் போய்க் கதவைத் திறக்க வேண்டிய எங்கள் ஆறு பேர் குழுவில் மிக இளையவன், 70 வயதாகும் நான்தான்.