சுகவனிதையர் கிளினிக்: நம்பிப் போகலாம், ஆனால் பேர் (நாட்சம்பளம்) போகிறது

35 வயதைத் தொட்ட தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் எல்லாரும் ஒரு தடவையாவது, பெண்களின் உடம்பைச் சோதித்துப் பார்க்கிற சுகவனிதையர் கிளினிக்குக்குப் போய் வாருங்கள், ஒரு சதம் செலவில்லை. இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் எங்கள் பகுதியில் நடப்பதற்குத்தான் நான் போனேன். பிரஷர், சீனி பார்த்தார்கள், மார்பில் கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு அதை வீட்டில் நாமே எப்படிப் பார்ப்பது என்றும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அப்புறம்தான் எல்லாரும் பயப்படுகிற பாப் டெஸ்ட், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான சோதனை.

கர்ப்பப்பையை அறுத்துப் பார்ப்பார்கள் என்று லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) ஒரு கதை ஓடுகிறது, அது சுத்தப் பொய். முழங்காலை மடக்கிப் படுத்தால், மிஸ்ஸி (மருத்துவ மாது) "மூச்ச இழுத்து விடுங்க அக்கா, ஒடம்ப லூசா விடுங்க" என்று பேசிக்கொண்டே கர்ப்பப்பை வாயில் சின்னக் குச்சியால் லேசாகச் சுரண்டி, பென்சிலால் நம் விபரம் எழுதிய கண்ணாடித் துண்டில் தேய்த்துக்கொள்கிறார், அவ்வளவுதான். கூச்சமாக இருக்கும், வலி பெரிதாக இல்லை. புற்றுநோயாக மாறுவதற்குப் பல வருஷம் முன்பே அங்கே செல்கள் மாறத் தொடங்குவதை இதில் பிடித்துவிடலாம், அந்த நிலையில் சிகிச்சையும் சுலபம். 45 வயதில் இன்னொரு தடவை வரச் சொல்கிறார்கள்.

இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான எச்பிவி வைரஸுக்கு 2017இலிருந்து பாடசாலையில் தரம் 6 பெண் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுகிறார்கள். சம்மதம் கேட்டுக் கடிதம் வந்தால் தயங்காமல் கையெழுத்துப் போடுங்கள்.

என்னோடு வந்த மாமிக்கு டார்ச் அடித்து வாயையும் பார்த்தார் மிஸ்ஸி. புகையிலையை விட்டுவிட்டேன், வெறும் பாக்குதான் என்றார் மாமி. புகையிலை இல்லாமல் வெறும் பாக்கே கூட வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும் என்று மிஸ்ஸி சொன்னதும் அவர் முகம் வாடிப்போனது. வாயில் போடும் புகையிலைச் சரக்குகளை விற்க 2016இலேயே தடை வந்துவிட்டது, ஆனால் எங்கள் பக்கத்துக் கடைகளில் கேட்டால் இன்றைக்கும் கிடைக்கிறது, யாரும் தட்டிக்கேட்பதில்லை.

குறைகளும் உண்டு. மறைப்புச் சீலை குட்டை, வரிசையில் நிற்பவருக்கு உள்ளே இருப்பவரின் கால் தெரிகிறது. ரிசல்ட் வரத் தாமதம். எல்லாவற்றையும் விடப் பெரிய குறை, கிளினிக் வேலை நாளில் வைக்கிறார்கள், கொழுந்து பறிக்கப் போகாவிட்டால் அன்றைக்குப் பேர் இல்லை, பிறகு யார் வருவார்கள்? கிளினிக் சீட்டைக் காட்டினால் முழுப்பேர் போட வேண்டும். சம்பளப் பேச்சுக்குப் போகிற தொழிற்சங்கத் தலைவர்மார் இதையும் மேசையில் வைக்கட்டும், அதுவரை ஞாயிற்றுக்கிழமையில் ஒரு கிளினிக்காவது வைக்கலாமே.

அடுத்த கிளினிக் என்றைக்கு என்று உங்கள் டிவிஷன் மிஸ்ஸியிடம் கேளுங்கள். மாதவிடாய் நாட்களில் டெஸ்ட் எடுக்க மாட்டார்கள், அதைப் பார்த்துக்கொண்டு போங்கள்.