கேமரன் மலையில் ஸ்ட்ராபெரி பறிக்கப் போகிறவர்கள் வெறும் கூடையை முதலில் நிறுக்கச் சொல்லுங்கள்

வரும் பள்ளி விடுமுறைக்குக் கேமரன் மலையில் அறை எடுத்து வைத்திருக்கும் குடும்பங்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். சென்ற விடுமுறையில் பிரிஞ்சாங் பக்கம் ஒரு ஸ்ட்ராபெரித் தோட்டத்தில் எங்களை ஏமாற்றினார்கள். போன பணம் பெரிய தொகை இல்லை. ஆனால் அவர்கள் ஏமாற்றிய விதம் அங்கே வரும் எந்தக் குடும்பத்துக்கும் நடக்கக்கூடியது, பெரும்பாலோர் அதைக் கவனிக்கவே மாட்டார்கள். நானும் கவனிக்கவில்லை. கண்டுபிடித்தது 72 வயதான என் அம்மா.

தோட்டத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும்.

கிள்ளானிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, தாப்பா வழியாக ஏறினோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், தங்கை, அம்மா என்று ஆறு பேர். தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர், முழுக்க வளைவுதான். சின்னவள் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். இருந்தாலும் "ஸ்ட்ராபெரி தோட்டம் எப்போ வரும்" என்ற கேள்வியை மட்டும் விடவில்லை. இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பழத்தைச் செடியில் பார்த்ததே இல்லை, பெட்டியில்தான் பார்த்திருக்கிறாள்.

பிரிஞ்சாங்கைத் தாண்டியதும் வழக்கமான விடுமுறை நெரிசல். நடந்து போகிறவர்கள் எங்கள் காரை முந்திக்கொண்டு போனார்கள். அந்தச் சலிப்பில்தான், சாலையோரம் முதலில் கண்ணில் பட்ட பெரிய பலகையை நம்பித் திருப்பினேன். சிவப்பு எழுத்தில் "பெத்திக் செண்டிரி", அதாவது நீங்களே பறியுங்கள், கீழே "நுழைவு இலவசம்", அதற்கும் கீழே "500 கிராம் 25 வெள்ளி (ரிங்கிட்)". வேறு எதுவும் பலகையில் இல்லை.

உள்ளே போன பிறகுதான் மற்ற விவரங்கள் வந்தன. இரண்டு பேருக்கு ஒரு கூடை கட்டாயம். ஆறு பேர் என்றால் மூன்று கூடை. ஒவ்வொரு கூடையிலும் 500 கிராமாவது பறித்தாக வேண்டும், குறைந்தாலும் 25 வெள்ளி கட்ட வேண்டும். பறித்த பழத்தைத் திருப்பித் தர முடியாது. அம்மாவுக்கு முழங்கால் வலி, அவர் பறிக்கப் போவதில்லை என்றேன். "உள்ளே வந்தால் கணக்கு" என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளைகள் இருவரும் அதற்குள் கத்தரிக்கோலைக் கையில் வாங்கிவிட்டார்கள். அந்த நேரத்தில் எந்தத் தகப்பன் திரும்பிப் போவான்? அதை நன்றாகத் தெரிந்துதான் கவுண்டரை அங்கே வைத்திருக்கிறார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

அங்கே ஸ்ட்ராபெரி மண்ணில் வளர்வதில்லை. இடுப்பு உயரத் தட்டுகளில் தேங்காய்நார்த் தூள் நிரப்பிய பைகளை வரிசையாக வைத்து, சின்னக் குழாய்களில் உரம் கலந்த நீரைச் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். மேலே மழை படாமல் பிளாஸ்டிக் கூரை. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரக் குளிர் என்பதால் ஆண்டு முழுக்கக் காய்க்கிறது. பார்க்க அழகான விவசாயம், அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

ஆனால் எங்களுக்குத் திறந்துவிட்ட வரிசைகளில் பழமே இல்லை. மணி பதினொன்று. பச்சைக் காய், வெள்ளைக் காய், அறுத்த காம்புகள், அங்கங்கே ஒரு சிவப்பு. அந்தச் சிவப்பும் பெரும்பாலும் பக்கவாட்டில் நத்தை கடித்தது. கயிறு கட்டிய அடுத்த பகுதியில் நன்றாகப் பழுத்துத் தொங்கியது. "அது விற்பனைக்கு, இங்கேதான் பறிக்கணும்" என்றார் வேலை பார்த்த பையன்.

பூ பழமாக ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். விடுமுறைக் கூட்டம் வந்தது என்பதற்காகச் செடி அவசரப்படாது. காலையில் வந்தவர்கள் பறித்துவிட்டால் அன்றைக்கு அந்த வரிசையில் பழம் முடிந்தது. நேர்மையான தோட்டக்காரர் "இன்றைக்குப் பறிக்கப் பழம் இல்லை" என்று எழுதித் தொங்கவிடுவார். இவர்கள் கூடையைக் கொடுத்து, குறைந்தபட்ச எடையையும் விதித்து உள்ளே அனுப்புகிறார்கள்.

என் மகன் அந்தப் பையனிடம் போய், சிவப்பு கிடைக்கவில்லை என்று கேட்டான். "பாதி வெள்ளையாக இருப்பதையும் பறி, வீட்டில் வைத்தால் இரண்டு நாளில் பழுத்துவிடும்" என்று பதில். இது பச்சைப் பொய். வாழை, மாம்பழம், பப்பாளியெல்லாம் பறித்த பின் பழுக்கும். ஸ்ட்ராபெரி அப்படிப் பழுக்காது. செடியிலிருந்து வெட்டிய நிமிடம் அதன் இனிப்பு எவ்வளவோ, அவ்வளவுதான் கடைசி வரை. நிறம் சற்று மாறலாம், மெத்தென்று ஆகலாம், புளிப்பு போகாது. தினமும் அந்தச் செடிகளோடு வேலை செய்கிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது. எங்களுக்குத் தெரியவில்லை. எடையை நிரப்ப வேண்டுமே என்று பாதி வெள்ளைக் காய்களையும் வெட்டிப் போட்டோம்.

சின்னவள் மட்டும் ஒரே ஒரு பழத்தோடு நின்றாள். கொய்யாப் பிஞ்சு அளவு இருக்கும், காம்பு வரை சிவப்பு. அதைக் கூடையில் போடாமல் உள்ளங்கையிலேயே வைத்திருந்தாள்.

கவுண்டரில் மூன்று கூடைகளையும் ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தார்கள். 610 கிராம், 590 கிராம், 640 கிராம். மொத்தம் 1,840 கிராம், 92 வெள்ளி. நான் கைபேசியை எடுத்து கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யப் போனேன். அம்மா என் முழங்கையைப் பிடித்தார்.

"கூடையைக் கழிச்சாங்களாய்யா?"

அம்மா, கல்யாணமாகிக் கிள்ளானுக்கு வரும்வரை இதே மலையில் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். அந்தக் காலத்து நிறுவையைப் பற்றி எங்களுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று தோட்டத்துக் கணக்கரான கிராணி கழித்துக்கொண்டே போவார், கேட்டால் மறுநாள் மோசமான மலைக்கு அனுப்புவார்கள். தராசு முள்ளை விட்டு அம்மாவின் கண் நகராது. இன்றும் கிள்ளான் சந்தையில் மீன் வாங்கும்போது அப்படித்தான் நிற்பார்.

கவுண்டரில் இருந்தவரிடம் அம்மாவே மலாயில் பேசினார். "பாக்குல் கோசோங் திம்பாங் டுலு." வெறும் கூடையை முதலில் நிறுங்கள் என்று. அந்த ஆள் அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "எல்லாருக்கும் இப்படித்தான், இங்கே இதுதான் முறை" என்றார். அம்மா நகரவில்லை. பக்கத்தில் அடுக்கியிருந்த காலிக் கூடை ஒன்றைத் தானே எடுத்துத் தராசில் வைத்தார்.

185 கிராம்.

கெட்டியான பிளாஸ்டிக் கூடை, அடியில் தடித்த பின்னல். மூன்று கூடைக்கு 555 கிராம். கிலோ 50 வெள்ளி கணக்கில் 27 வெள்ளி 75 சென். அதாவது அரைக் கிலோவுக்கும் மேலான பிளாஸ்டிக்கை ஸ்ட்ராபெரி விலைக்கு எங்களிடம் விற்றிருக்கிறார்கள். கூடையை வேறு திருப்பி வாங்கிக்கொள்கிறார்கள்.

நான் குரலை உயர்த்தினேன். வரிசையில் பின்னால் நின்ற இன்னொரு குடும்பமும் தங்கள் கூடையைப் பார்க்க ஆரம்பித்தது. உடனே அந்த ஆள் கணக்கை மாற்றினார். "சரி, கூடையைக் கழிக்கிறேன். கழித்தால் 425, 405, 455. ஒன்றுமே 500 வரவில்லை. குறைந்தபட்சக் கட்டணம் தலா 25, மொத்தம் 75 வெள்ளி. இல்லையென்றால் உள்ளே போய் இன்னும் பறியுங்கள்." உள்ளே பறிக்க எதுவும் இல்லை என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். பிள்ளைகள் பயந்துபோய் நின்றதைப் பார்த்து 75 வெள்ளியைக் கட்டினேன். ரசீது கேட்டேன், இல்லை என்றார்கள். கியூஆர் வழியாகப் போன பணமும் தோட்டத்தின் பெயருக்குப் போகவில்லை, ஒரு தனிநபர் பெயருக்குப் போயிருக்கிறது. அதை அறைக்கு வந்த பிறகுதான் கவனித்தேன்.

காரில் ஏறிய பின் அம்மா சொன்னார்: "அன்னைக்குக் கூடைக்குன்னு எங்க கூலியில கழிச்சாங்க. இன்னைக்குக் கூடைக்கும் சேர்த்து நம்மகிட்ட காசு வாங்குறாங்க." வேறொன்றும் பேசவில்லை.

வெளியே வரும் வழியில் தங்கை இரண்டு பெட்டி தயார்ப் பழம் வாங்கியிருந்தாள். அதையும் சொல்லிவிடுகிறேன். மேல் வரிசை பெரிது பெரிதாகச் சிவப்பு. அறையில் திறந்தால் கீழ் வரிசையில் நுனி வெளுத்த பொடிப் பழங்கள், ஒன்றில் சாம்பல் நிறப் பஞ்சு போலப் பூசணம். ஸ்ட்ராபெரியில் ஒரு பழத்துக்குப் பூசணம் வந்தால் தொட்டுக்கொண்டிருக்கும் பழத்துக்கெல்லாம் பரவும், குளிரிலும் நிற்காது. பெட்டியை வாங்குவதற்கு முன் தலைகீழாகத் திருப்பி அடியைப் பாருங்கள். அடியில் காகிதம் போட்டு மறைத்திருந்தால் வாங்காதீர்கள்.

நாங்கள் பறித்த பாதி வெள்ளைக் காய்கள் நான்கு நாள் குளிர்பெட்டியில் இருந்தன. ஒன்றுகூடச் சிவக்கவில்லை. ஓரம் சுருங்கி, தொட்டால் குழைந்தது. சர்க்கரை போட்டுக் காய்ச்சிப் பார்த்தாள் மனைவி, புளிப்பு அடங்கவில்லை.

தோட்டத்துக்குப் போன அன்றிரவே உள்நாட்டு வாணிபம், வாழ்க்கைச் செலவின அமைச்சின் இ-அடுவான் தளத்தில் புகார் கொடுத்தேன். பலகையின் படம், தராசில் வெறும் கூடை 185 காட்டும் படம், பணம் போன விவரம் மூன்றையும் இணைத்தேன். தராசுப் படத்தை எடுத்தது என் மகன். சண்டை நடந்தபோது எனக்கு அந்த யோசனை வரவில்லை. நம் மலேசியாவில் 1972ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டப்படி, வியாபாரத்துக்குப் பயன்படும் தராசு சரிபார்த்து முத்திரை பெற்றிருக்க வேண்டும். அந்தத் தராசில் அப்படி ஒரு முத்திரை என் கண்ணுக்குத் தெரியவில்லை, அதையும் எழுதியிருக்கிறேன். பெரிய தொகை இழந்தவர்கள் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறார்கள், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் ஆதாரம் வேண்டும். ஆகவே ரசீது தராத இடத்தில் பணம் கட்டும் முன்பே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். காரை நிறுத்தியதும் பிள்ளைகளைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, பெரியவர் ஒருவர் மட்டும் போய் வரிசைகளைப் பாருங்கள். சிவப்பு இருக்கிறதா, எத்தனை பேருக்கு எத்தனை கூடை, குறைந்தபட்ச எடை உண்டா, பறிக்காதவருக்கும் கணக்கா என்று கேளுங்கள். உங்கள் முன்னால் வெறும் கூடையைத் தராசில் வைத்துச் சுழியம் ஆக்கச் சொல்லுங்கள். மறுத்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள், பிள்ளைகள் அழுதாலும் பரவாயில்லை. முடிந்தால் வார நாளில், காலை ஒன்பது மணிக்குள் போங்கள். பறிக்கும்போது காம்பை ஒட்டிய தோள்பகுதி வரை சிவந்த பழத்தை மட்டும் வெட்டுங்கள். வெள்ளைத் தோள் இருந்தால் செடியிலேயே விட்டுவிடுங்கள், நாளைக்கு வரும் பிள்ளைக்கு அது பழமாக இருக்கும்.

எல்லாத் தோட்டமும் இப்படி இல்லை, அதையும் எழுதாமல் விட்டால் அநியாயம். மறுநாள் காலை, இறங்குவதற்கு முன், அறைக்காரர் சொன்ன ஒரு சின்னத் தோட்டத்துக்குப் போனோம். பலகைகூடச் சரியாக இல்லை. அங்கிருந்த அம்மா, கூடையைத் தராசில் வைத்து, பொத்தானை அழுத்தி, சுழியம் வந்ததை எங்களுக்குக் காட்டிவிட்டுத்தான் பிள்ளைகள் கையில் கொடுத்தார். இன்றைக்கு இந்த இரண்டு வரிசையில்தான் பழம், பின்னால் போகாதீர்கள், வீண் என்று அவரே சொன்னார். என் அம்மா கவுண்டர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவரோடு குளிரைப் பற்றியும் முழங்காலைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்.

அங்கே நாங்கள் பறித்தது 400 கிராம். தாப்பா வருவதற்குள் தீர்ந்துவிட்டது.