உள்ளான் பார்க்க பைனாகுலரா, ஜூம் கேமராவா?

கிருஷ்ணகிரி அணையில் தண்ணீர் இறங்கிச் சேறு தெரிய ஆரம்பித்தால் போதும், சேற்றில் இரை தேடும் சின்னப் பறவைகளான உள்ளான்கள் வந்துவிடும். கடலோரத்துப் பறவை என்று பெயர், ஆனால் குளிர்காலத்தில் ஏரிக்கரையும் அணைக்கரையும் அதற்கு ஒன்றுதான்.

இவற்றைப் பார்ப்பதற்கென்றே 8x42 பைனாகுலர் வாங்கினேன். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். கூட வரும் தம்பி வாங்கியது 83 மடங்கு ஜூம் கேமரா. விலையும் கனமும் அதில்தான் கூட, சார்ஜ் வேறு போட வேண்டும். அதை விடுங்கள்.

உள்ளான் இனத்தில் பாதி, பழுப்பு முதுகும் வெள்ளை வயிறுமாக ஒரே அச்சு. நின்றால் குழப்பும், நடந்தால் காட்டிக்கொடுக்கும். உள்ளான்களோடு திரியும் பட்டாணி உப்புக்கொத்தி நாலு அடி ஓடி, நின்று, ஒரு கொத்து கொத்தி, மறுபடி ஓடும். பக்கத்திலேயே கொசு உள்ளான் தலையைத் தூக்காமல், கோழிக்குஞ்சு குருணை பொறுக்குவது போலச் சேற்றைக் குத்திக்கொண்டிருக்கும். பைனாகுலரில் இரண்டும் ஒரே வட்டத்துக்குள் தெரியும். 83 மடங்கில் ஒன்றைப் பிடிப்பதற்குள் அது ஓடிவிடுகிறது.

ஜனவரியில் ஒரு நாள், முதுகைக் காட்டி நின்ற பறவையைத் தம்பி நாற்பது படம் எடுத்தான். "எடுத்துட்டேன்ண்ணா, வீட்ல போய்ப் பாத்துக்கலாம்" என்றான். வெயில் ஏறியிருந்தது. கானல் அலையில் நாற்பதும் கரைந்த சோப்பு மாதிரி இருந்தன. நான் பார்த்தபோது அது பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டே இருந்தது. பொறி உள்ளானும் கொஞ்சம் ஆட்டும் என்பதால் வாயைத் திறக்கவில்லை. கிளம்பியதும் சந்தேகம் தீர்ந்தது: இறக்கையில் வெள்ளைக் கோடு, விறைப்பாக அடித்தபடி தண்ணீரை ஒட்டியே போயிற்று. சாதாரண உள்ளான். பொறி உள்ளானாக இருந்தால் இடுப்பு வெள்ளையாகத் தெரிந்திருக்கும், கத்திக்கொண்டே உயரப் போயிருக்கும்.

இது அணைக்கரைக் கணக்கு. கடற்கரையில் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், அங்கே கூட்டம் நிற்கும் தூரத்துக்கு எட்டு மடங்கு எனக்குப் போதவில்லை. கோடியக்கரையில், ஆராய்ச்சிக்காகக் காலில் எழுத்து போட்ட வளையம் மாட்டிவிட்ட பறவைகள் உண்டு. அந்த எழுத்தைப் படிக்கக் கேமராதான் வேண்டும். அரிய பறவையைப் பார்த்தேன் என்று சொன்னாலும் படம்தான் கேட்பார்கள்.

தம்பி இப்போதெல்லாம் வந்ததும் என் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறான். "வெயில் ஏர்றதுக்குள்ள கேமராவ எடுடா" என்று நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.