வால்வு கம்ப்ரசரா, ப்ளக்-இன்னா: காரைக்குடியில் எது தாங்கும்?

பக்திப் பாடல் பதிவுக்குக் குரலின் ஏற்ற இறக்கத்தை அமுக்கிச் சீராக்க, எல்ஏ-2ஏ என்ற பழைய அமெரிக்கக் கருவியின் வகை கம்ப்ரசர் வேண்டும் என்று தேடியபோது இரண்டு வழி இருந்தது. ஒன்று, வால்வில் (வெற்றிடக் குழாயில்) ஓடும் அசல் பெட்டி. மற்றது, கணினிக்குள் அதைப் போலவே வேலை செய்யும் ப்ளக்-இன். நான் ப்ளக்-இன்னை எடுத்தேன், இன்றும் அதன் பக்கம்தான்.

விலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெட்டி லட்சங்களில் போகிறது; அனலாக் அப்செஷன் நிறுவனத்தின் 'லாலா' ப்ளக்-இன் இலவசம். ஒரு பெட்டி ஒரு நேரத்தில் ஒரு குரலுக்குத்தான். ப்ளக்-இன்னைக் கோரஸில் எல்லார் குரலிலும் போடலாம்.

சத்தத்துக்கு வருவோம். எல்ஏ-2ஏ-வின் உயிர், உள்ளே குரலுக்கேற்ப மின்னும் ஒளித்தகடும், அந்த ஒளிக்கேற்பக் குரலை அமுக்கும் ஒளியுணர் மின்தடையும். அமுக்கிய ஒலியில் பாதியை 60 மில்லிசெகண்டில் விடும். மீதியை 1 முதல் 15 செகண்ட் வரை மெதுவாக விடும். ஓதுவார் விருத்தத்தை இழுத்துப் பாடும்போது அமுக்கியது தெரியாமல் நிற்பது இதனால்தான். நல்ல ப்ளக்-இன்கள் இந்த நடையைப் பிடித்துவிட்டன. சென்னையில் அசல் பெட்டியோடு ஒப்பிட்டுக் கேட்டபோது, மிக அழுத்தி ஓட்டினால் மட்டும் பெட்டியில் ஒரு தடிமன் கூடுதலாகத் தெரிந்தது. நான் ஒப்பிட்டது இந்த ஒரு கருவியைத்தான். ஃபேர்சைல்டு 670 என்ற இன்னொரு பழைய வால்வு கம்ப்ரசரைத் தொட்டதே இல்லை, அதற்கு இதே தீர்ப்பை நீட்ட மாட்டேன்.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. எல்ஏ-2ஏ-வில் நான்கு வால்வுகள், அவை தேயும். ஒளித்தகடும் வருடக்கணக்கில் மங்கும், மங்கினால் அமுக்கும் அளவு மாறும். உள்ளே மின்சாரத்தைத் தேக்கும் மின்பகு கெப்பாசிட்டர்களுக்கு ஒரு பொதுக் கணக்கு உண்டு: 10 டிகிரி வெப்பம் கூடினால் ஆயுள் பாதி. நம் ஊர் சித்திரை வெயிலில், தானே சுடும் வால்வுப் பெட்டிக்குள் அவை என்ன ஆகும் என்று யோசியுங்கள். மின்னழுத்தம் ஏறி இறங்குவதற்கு ஸ்டெபிலைசர், பழைய அமெரிக்கப் பெட்டியானால் 115 வோல்ட்டுக்கு இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேறு. சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே ஆளைத் தூக்கியடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும். ரேடியோ ரிப்பேர் தெரிந்தவர் எல்லாம் திறந்துவிட முடியாது. பல்லவன் ரயிலில் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டுபோய், ஆள் தேடி, உதிரிக்குக் காத்திருந்து... அதுவரை பதிவு நிற்கும்.

இங்கே சிலர் கேட்பார்கள்: 1940களில் ஏ.வி.எம். ஸ்டுடியோவே காரைக்குடி பக்கத்துத் தேவகோட்டை ரஸ்தாவில் வால்வுக் கருவிகளை வைத்துத்தானே நடந்தது? நடந்தது. ஆனால் ஒரு படக் கம்பெனிக்குக் கருவியைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆள் வைக்க முடியும். தனியாள் ஸ்டுடியோவுக்கு அது கட்டுபடியாகாது.

ப்ளக்-இன்னுக்கும் பராமரிப்பு உண்டு. இயங்குதளம் மாறினால் சில பழையவை திறக்காது, உரிமச் சிக்கல் வரும். நான் ஆல்பம் முடியும்வரை எதையும் அப்டேட் செய்வதில்லை. முடிந்ததும் ஒவ்வொரு டிராக்கையும் எஃபெக்ட்டோடு ஆடியோ கோப்பாக எடுத்து வைத்துவிடுவேன். அப்புறம், பல மாதம் கழித்து "குரலைக் கொஞ்சம் தூக்குங்க அண்ணே" என்று யாராவது வந்தால், பெட்டியில் குமிழ் நிலையை எழுதி வைத்திருக்க வேண்டும். ப்ளக்-இன் விட்ட இடத்திலேயே திறக்கும்.

பாடகருக்கு ஹெட்ஃபோனில் தாமதமே இல்லாமல் கம்ப்ரசரோடு குரல் கேட்க வேண்டும் என்றால் பெட்டிதான் மேல். தினமும் பதிவு நடந்து, பக்கத்திலேயே டெக்னீஷியனும் இருந்தால் தாராளமாக வாங்கலாம்.

ப்ளக்-இன் வாங்குபவர்கள் உள்ளே போகும் ஒலி அளவைக் கணினி மீட்டரில் சராசரி மைனஸ் 18 டெசிபல் பக்கம் வையுங்கள். பல ப்ளக்-இன்கள் அந்த அளவை வைத்துத்தான் அமைக்கப்பட்டவை. மிச்சப் பணத்தை நல்ல மைக் ப்ரீஆம்பில் (மைக்கின் ஒலியை முதலில் பெருக்கும் கருவி) போடுங்கள். நாதஸ்வரம் அங்கே பிளந்துவிட்டால் பின்னால் எந்தக் கம்ப்ரசரும் சரிசெய்யாது. ஆத்தங்குடிக் கல் பதித்த பட்டாலைக் கூடத்தில் பதிவு செய்பவர்கள் அதற்கும் முன்னால் சுவரெல்லாம் கனமான ஜமக்காளம் தொங்கவிடுங்கள். பெட்டியோ ப்ளக்-இன்னோ, கம்ப்ரசர் குரலோடு எதிரொலியையும் சேர்த்தே தூக்கும்.